தராசு கழித்த ஆறு கிலோ

மேல் டிவிஷன், றக்வான.
2024 ஒக்டோபர் 6, ஞாயிறு

தருஷி அப்பாவுக்கு,

நானும் பிள்ளையும் இருக்கிறோம். எங்களைவிட மழை நன்றாக இருக்கிறது, நேற்று ஒரு நாள்தான் லீவு போட்டது.

போன் கமரா உடைந்துவிட்டதைச் சொன்னதற்கு அத்தனை கேள்வியா கேட்பீர்கள்? எப்படி உடைந்தது, யார் போட்டது, கண்ணாடி மட்டுமா, உள்ளேயுமா. தவறி விழுந்தது, உடைந்தது. குரல் கேட்கும், முகம் தெரியாது, அவ்வளவுதான். தோட்டத்து லயத்துச் சுவரைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நான் இருமினால் பக்கத்து வீட்டு ஜெயம்மா அக்கா சுடுதண்ணி குடிக்கச் சொல்கிறார். இதில் புருஷனும் பெண்சாதியும் என்ன பேச முடியும்? அதனால்தான் எழுதுகிறேன். கொடகவெல ஜஸீல் நானாவின் கார்கோ கடையில் கொடுத்தால், அவர் தம்பி ஸியாமுக்குப் போகிற பார்சலோடு வைத்து அனுப்புகிறார். ஸியாம் உங்கள் ரூமிலேயே இருப்பது எவ்வளவு வசதி பாருங்கள். நீங்களும் அப்படியே அனுப்புங்கள்.

விஷயத்துக்கு வருகிறேன். நான் மெலியப் போகிறேன். நீங்கள் போன அன்று, வேனில் பெட்டியைத் தூக்கி வைத்துவிட்டு என்ன சொன்னீர்கள் என்று நினைவிருக்கிறதா? "பெட்டியத் தூக்கிட்டேன். திரும்பி வர்றப்ப உன்னயத் தூக்க முடியுமோ என்னமோ." லயமே சிரித்தது. நானும் சிரித்தேன். நீங்கள் போய் ஒன்றரை வருஷத்துக்கு மேலாகிறது, அது இன்னும் காதில் கிடக்கிறது. அப்போது கொஞ்சம்தான் சதை போட்டிருந்தேன். இப்போது அதைக் கொஞ்சம் என்று சொல்ல முடியாது.

ஜெயம்மா அக்காவின் மகள் ஒரு பட்டியல் காட்டினாள். காலையில் வெந்நீரில் தேசிக்காய், மத்தியானம் அவித்த மரக்கறி, இரவில் ஒன்றுமில்லை. சோறு, ரொட்டி, பாண், சீனி எல்லாம் விலக்கு. நேற்று வெயில் இருக்கும்போதே கொழுந்து நிறுக்கிற மடுவத்துத் தராசில் ஏறினேன், அறுபத்தெட்டு. நீங்கள் ஏப்ரலில் வரும்போது ஐம்பத்தைந்து. கலியாணப் போட்டோவில் இருப்பவள் வந்து உங்கள் பெட்டியை வாங்குவாள்.

ஒன்று சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு ஞாயிறும் போனை எடுத்தவுடன் "சாப்டியா" என்கிறீர்கள். வேறு கேள்வியே இல்லையா உங்களிடம்? சாப்பிட்டேன், சாப்பிட்டேன், சாப்பிட்டேன். மூன்று மாதத்துக்குச் சேர்த்துச் சொல்லிவிட்டேன், இனிக் கேட்க வேண்டாம்.

இப்படிக்கு,
தருஷி அம்மா

டோஹா,
2024 நவம்பர் 1, வெள்ளி

அன்பு கலாவுக்கு,

உன் கடிதத்தை ஸியாம் கொண்டுவந்து கொடுத்தபோது ரூமே எழுந்து பார்த்தது. இந்தக் காலத்தில் கடிதம் வருகிற ஆள் நான் ஒருவன்தானாம். யாரோ செத்துப்போய்விட்டார்களா என்று ஒருவன் கேட்டான்.

நான் நலம். லோண்டரியில் இப்போது இரவு முறை போட்டிருக்கிறார்கள். ஹோட்டல் விரிப்புகளை மடித்து மடித்துக் கை தூக்கத்திலும் மடிக்கிறதாம், ஸியாம் சொல்கிறார். சாப்பாடு வழக்கம்போல. பருப்பு என்று ஒன்று வரும், அதில் பருப்பைத் தேட வேண்டும்.

லீவு விஷயம். ஏப்ரல் பதினொன்று என்று சூப்பர்வைசர் வாயால் சொல்லியிருக்கிறார், தாள் இன்னும் வரவில்லை. அதுவரைக்கும் மனசு ஓரிடத்தில் நிற்காது. வருஷப்பிறப்புக்கு வீட்டில் இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருக்கிறேன்.

மெலிகிறதைப் பற்றி எழுதியிருந்தாய். உனக்கு ஆசை என்றால் செய். ரூமில் கேட்டேன். ஒரு பவுடர் இருக்கிறதாம், மாம்பழ வாசம், தண்ணீரில் கலக்கிக் குடித்தால் சாப்பாட்டுக்குப் பதிலாம். இரண்டு டின் வாங்கி இந்தப் பார்சலில் வைத்திருக்கிறேன். வெறும் வயிற்றோடு மலை ஏறாமல் அதையாவது குடி.

கமராவைத் திருத்த முடியாதா? கொடகவெலயில் கடை இல்லையா? பிள்ளை முகத்தையும் உன் முகத்தையும் பார்த்து மாதமாகிறது.

நீ கேட்க வேண்டாம் என்றாய், அதனால் எழுதிக் கேட்கிறேன். சாப்பிட்டாயா?

அன்புடன்,
சுரேந்திரன்

மேல் டிவிஷன்,
2024 நவம்பர் 24, ஞாயிறு

தருஷி அப்பாவுக்கு,

டின் இரண்டும் வந்தன. திறந்து பார்க்கும் முன்பே எனக்குப் புரிந்துவிட்டது. "உனக்கு ஆசை என்றால் செய்" என்று எழுதுகிற மனுஷன் எதற்கு இரண்டு டின் வாங்கி அனுப்ப வேண்டும்? வாயால் சொல்ல முடியாததைப் பார்சலில் சொல்லியிருக்கிறீர்கள். சரி. கோபமில்லை. உண்மையில் கோபம்தான், ஆனால் அதையும் வைத்துக்கொண்டுதான் மெலிகிறேன்.

இதைக் கேளுங்கள். அறுபத்தொன்று. ஆமாம், ஆறும் ஒன்றும். ஒன்றரை மாதத்தில் ஏழு கிலோ. மடுவத்தில் கொழுந்துச் சாக்கு நிறுக்கிற மேடைத் தராசு தெரியும்தானே, அதில் லொறி வருவதற்கு முன் ஏறி நின்றேன். எண் ஓடுகிற பெட்டி கணக்கப்பிள்ளைப் பக்கம்தான் திரும்பியிருக்கும். கணக்கப்பிள்ளை சசி பார்த்து, "அக்கா, அறுபத்தொண்ணு" என்றான். மறுபடி பார் என்றேன். "அறுபத்தொண்ணுதான் அக்கா, எறங்குங்க, சாக்கு வைக்கணும்." மழை கொட்டிக்கொண்டிருந்தது. தலையில் சாக்குப் படங்கைப் போட்டுக்கொண்டு லயம் வரைக்கும் தனியாகச் சிரித்துக்கொண்டே வந்தேன்.

காலையில் பவுடர். மாம்பழ வாசம் என்கிறார்களே, மாம்பழம் விற்ற கடையைக் கழுவிய தண்ணீர் மாதிரி இருக்கிறது. மத்தியானம் மலையில் மற்றவர்கள் ரொட்டியும் சம்பலும் பிரிக்கும்போது நான் கொஞ்சம் தள்ளிப் போய் காலில் ஏறிய அட்டையை எடுக்கிறது மாதிரி உட்கார்ந்துகொள்வேன். அந்தச் சம்பல் வாசம் இருக்கிறதே, மனுஷியைக் கொன்றுவிடும். ஆனால் நான் சாகவில்லை.

ஒரே இடத்தில் உட்கார முடியவில்லை, அதுதான் புதுசு. வீட்டைக் கூட்டுகிறேன், கூட்டியதையே கூட்டுகிறேன். தருஷி, "அம்மா ஏன் நடந்துக்கிட்டே இருக்கீங்க" என்கிறாள். சின்ன விஷயத்துக்கு அவளைக் கத்திவிடுகிறேன், பிறகு மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது.

சாப்பிட்டாயா என்று எழுதியிருந்தீர்கள். சாப்பிட்டேன்.

தருஷி அம்மா

டோஹா,
2024 டிசம்பர் 13, வெள்ளி

அன்பு கலாவுக்கு,

அறுபத்தொன்று என்று ரூமில் எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். பத்துப் பேரும் கைதட்டினார்கள், ஏதோ நான்தான் மெலிந்த மாதிரி. ஸியாம், "மச்சான், தோட்டத்துல மல ஏறுற ஆளுக்கு இது ஒரு வேலையா" என்றார். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

நேற்றுச் சம்பளம் வந்த கையோடு கடைத்தெருவுக்குப் போய் உனக்கு ஒரு சுடிதார் வாங்கினேன். கிளிப்பச்சை. கடைக்காரன் என்ன சைஸ் என்று கேட்டான், மீடியம் என்றேன். என் பெட்டியில் அடியில் வைத்திருக்கிறேன். இதை அனுப்ப மாட்டேன், நானே கொண்டுவந்து கொடுப்பேன். நீ அதைப் போட்டுக்கொண்டு வருஷப்பிறப்பன்று கோயிலுக்கு வர வேண்டும்.

லீவுத் தாள் வந்துவிட்டது. ஏப்ரல் பதினொன்று. நூற்றுப் பத்தொன்பது நாள் இருக்கிறது.

பவுடர் பிடிக்காவிட்டால் விட்டுவிடு. பார்சலில் நான் ஒன்றும் சொல்லவில்லை கலா, வெறும் வயிற்றோடு இருக்காதே என்றுதான் வைத்தேன். நான் எதை வைத்தாலும் நீ அதில் வேறொன்றை எடுக்கிறாய்.

சுரேந்திரன்

மேல் டிவிஷன்,
2025 ஜனவரி 19, ஞாயிறு

தருஷி அப்பாவுக்கு,

அந்தச் சுடிதாரை யாருக்காவது கொடுத்துவிடுங்கள்.

பொங்கலுக்கு முந்தின வாரம் மலையில் விழுந்துவிட்டேன். பத்தாம் நம்பர் மலையில், ஏற்றத்தில். கண் இருட்டியது மட்டும் தெரியும். விழிக்கும்போது தேயிலைச் செடிக்குள் தலை, கொழுந்துக் கூடை ஒரு பக்கம், ஜெயம்மா அக்கா என் வாயில் சீனியைத் திணித்துக்கொண்டிருக்கிறார். எலும்பு முறியவில்லை, பயப்பட வேண்டாம். டிஸ்பென்சரியில் மிட்வைஃப் மிஸ் தராசில் ஏறச் சொன்னார். எழுபத்திரண்டு.

மிஸ்ஸோடு சண்டை பிடித்தேன். உங்கள் தராசு பிழை, எனக்கு அறுபத்தொன்று என்றேன். அவர் சிரிக்காமல், வேறு எங்கே பார்த்தாய் என்று கேட்டார். நேராக மடுவத்துக்குப் போய் சசியைப் பிடித்தேன். அவன் தலையைச் சொறிந்துகொண்டு சொன்னான்: "அக்கா, அந்தத் தராசு கழிச்சிட்டுத்தானே காட்டும். வெயில் நாள்னா சாக்குக்கு ரெண்டு கிலோ. மழை நாள்னா தண்ணிக்கும் சேத்து ஆறு. ஒங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன்."

எனக்குத் தெரியும். அதுதான் வெட்கக்கேடு. அந்தக் கழிவுக்காகப் பதினாலு வருஷமாக அந்த மடுவத்தில் நின்று கத்துகிறவள் நான். நேற்றுப் பறித்த கொழுந்தில் இவ்வளவு தண்ணியா இருந்தது என்று தோட்டத்துத் துரை வரைக்கும் போய்க் கேட்டவள் நான். கொழுந்தில் கழித்தால் சண்டைக்குப் போகிறேன், என் உடம்பில் கழித்ததைச் சிரித்துக்கொண்டு வாங்கி வந்திருக்கிறேன். நம்ப ஆசையாக இருந்தது, நம்பிவிட்டேன். முதல் தரம் ஏறியது வெயில் நாள், இரண்டாம் தரம் மழை நாள், கணக்குப் பார்த்தால் நான் உண்மையில் மெலிந்தது மூன்று கிலோ. அதற்குப் பிறகு ஏறியது ஐந்து.

எப்படி ஏறியது என்று கேட்பீர்கள். பகல் முழுக்கப் பட்டினி, பொழுது சாய்ந்து தருஷிக்குச் சோறு போட்டுவிட்டு, அவள் படிக்க உட்கார்ந்ததும் அடுப்படியில் நின்று சட்டியில் இருப்பதெல்லாம் தின்றுவிடுவேன். தட்டில் போட்டுக்கொள்ள மாட்டேன். தட்டில் போட்டால் சாப்பிட்டதாக ஆகிவிடும். ருசியும் தெரியாது, நிறுத்தவும் தெரியாது. காலையில் வெட்கப்பட்டுக்கொண்டு மறுபடி பவுடர்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், இதற்கு மேல் ஒளிக்க என்ன இருக்கிறது. கமரா உடையவில்லை. நீங்கள் என்னைப் பார்க்கக்கூடாது என்று பொய் சொன்னேன்.

மிட்வைஃப் மிஸ் என்னைத் தனியாக உட்கார வைத்துக் கேட்டார். பொழுது சாய்ந்து சட்டியில் கை வைக்கிறாயே, அப்போது "படகினித? பயத?" பசிக்கிறதா, பயமாக இருக்கிறதா. சிங்களத்தில் கேட்டதால்தான் பதில் வந்தது போலிருக்கிறது, தமிழில் யாரும் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை. "பயயி, மிஸ்" என்றேன், பயம்தான் என்று. சொல்லிவிட்டு அழுதேன்.

இரண்டாயிரத்து இருபத்திரண்டை நினைத்தேன். கடைகளில் கோதுமை மா இல்லை, அரிசிப் பானையைக் கவிழ்த்தால் பத்துப் பருக்கை விழும். பலாக்காய் அவித்து மூன்று பேரும் பங்கு போட்டோமே. இப்போது நீங்கள் அனுப்புகிறீர்கள், மூட்டை நிறைய அரிசி இருக்கிறது. ஆனால் என் கைக்கு அது தெரியவில்லை. நாளைக்கு இருக்காது, இப்போதே தின்றுவிடு என்கிறது கை. அந்தக் கையைப் பட்டினி போட்டால் அடங்கும் என்று நினைத்தேன். அது இன்னும் பயந்துபோயிருக்கிறது.

இதுதான் நான். எழுபத்திரண்டு கிலோ. மீடியம் இல்லை. போட்டோவில் இருப்பவள் ஏப்ரலில் வர மாட்டாள், அவள் வருவாள் என்று நான்தான் உங்களை நம்ப வைத்தேன். நீங்கள் ரூமில் பத்துப் பேருக்குச் சொல்லியிருக்கிறீர்கள், எனக்குக் கூசுகிறது. இந்த உருவத்தோடு என்னைக் கூட்டிக்கொண்டு கோயிலுக்குப் போக உங்களுக்கு மனசு வருமா வராதா என்று யோசித்து எழுதுங்கள். போனில் சொல்ல வேண்டாம். எழுதி வராவிட்டால் நான் புரிந்துகொள்வேன்.

தருஷி அம்மா

மேல் டிவிஷன்,
2025 பெப்ரவரி 23, ஞாயிறு

தருஷி அப்பாவுக்கு,

ஐந்து வாரமாகிறது. ஜஸீல் நானா கடைக்கு மூன்று தரம் போய்விட்டேன். "பார்சல் வந்திருக்கு தங்கச்சி, கடுதாசி இல்ல" என்கிறார், அவருக்கே முகம் வாடிப்போகிறது. ஞாயிற்றுக்கிழமை போனில் பிள்ளையிடம் பேசுகிறீர்கள். என்னிடம் மழையா வெயிலா என்கிறீர்கள். சாப்பிட்டாயா என்றுகூட இப்போது கேட்பதில்லை. கேட்க வேண்டாம் என்று சொன்னவள் நான்தான், ஆனால் கேட்காமல் இருப்பது இவ்வளவு கனமாக இருக்கும் என்று தெரியாது. புரிந்துகொள்வேன் என்று பெரிதாக எழுதினேனே, ஒன்றும் புரியவில்லை. மனசு ஒரு நாள் போகட்டும் என்கிறது, மறுநாள் உங்களை நினைத்துப் பல்லைக் கடிக்கிறது.

இருந்தாலும் எழுதுகிறேன், ஏனென்றால் இங்கே ஒன்று நடக்கிறது, சொல்ல வேறு ஆளில்லை.

விழுந்ததற்குப் பிறகு மாதக் கடைசி வரைக்கும் என்னைப் பிள்ளை மடுவத்தில் போட்டார்கள், மலைக்குப் போகிற தாய்மாரின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள. அங்கே எட்டு மாதப் பிள்ளை ஒன்று, ஜெயம்மா அக்காவின் பேத்தி. கஞ்சி ஊட்டினால் ஆவென்று வாங்கும், ஏழெட்டுக் கரண்டி. பிறகு முகத்தை அந்தப் பக்கம் திருப்பிவிடும். எவ்வளவு கொஞ்சினாலும் திரும்பாது. மறுநாள் நான்கு கரண்டியிலேயே திருப்பியது, அதற்கு அடுத்த நாள் பத்து. எனக்கும் ஒரு காலத்தில் அது தெரிந்துதானே இருந்திருக்கும், எங்கே போனது என்று யோசித்தேன்.

மிட்வைஃப் மிஸ் பட்டியல் ஒன்றும் தரவில்லை. எதையும் விலக்காதே என்றார். பசித்தால் சாப்பிடு, உட்கார்ந்து தட்டில் போட்டுச் சாப்பிடு, போதும் என்று வயிறு சொன்னால் மிச்சத்தை மூடி வை, நாளைக்கும் சோறு இருக்கும். அவ்வளவுதான். இதற்கா படித்தார் என்று மனசுக்குள் சிரித்தேன். செய்து பார்த்தால்தான் தெரிகிறது, பவுடர் இதைவிடச் சுலபம்.

விலக்கில்லை என்றவுடன் முதல் வாரம் ஒரே ஆட்டம். சீனிச் சம்பலோடு முக்கால் றாத்தல் பாண் தின்றேன், உட்கார்ந்துதான். வயிறு வலித்தது. இரண்டாம் வாரம் அரை றாத்தல். பிறகு ஒரு நாள் இரண்டு துண்டிலேயே சம்பல் திகட்டியது. மூடி வைத்தேன். வைத்துவிட்டு நாலு தரம் போய்த் திறந்து பார்த்தேன், இருக்கிறதா என்று. இருந்தது. காலையிலும் இருந்தது.

இப்போது மலைக்குத் திரும்பிவிட்டேன். மத்தியானச் சங்கு ஊதினால் சாப்பிடுவது, ஊதாவிட்டால் இல்லை என்று இத்தனை வருஷம் இருந்திருக்கிறேன். போன புதன்கிழமை பத்தரை மணிக்கு வயிறு காலியாக இழுத்தது. பயமா என்று கேட்டுப் பார்த்தேன். இல்லை, சுத்தமான பசி. மடியில் இருந்த ரொட்டியில் பாதியைப் பிட்டு அங்கேயே சாப்பிட்டேன். கங்காணி பார்த்துவிட்டு, "என்னா, இப்பவே சங்கு ஊதிருச்சா?" என்றார். "ஆமாங்க, எனக்கு மட்டும் ஊதிருச்சி" என்றேன். மலையே சிரித்தது. இந்தத் தரம் எனக்குக் கூசவில்லை.

தராசில் ஏறவில்லை. பாவாடை நாடா மட்டும் ஒரு விரல் அளவு கூடுதலாக இழுக்க வருகிறது. அந்த டின்னில் கொச்சிக்காய்த் தூள் போட்டு வைத்திருக்கிறேன், மாம்பழ வாசம் இன்னும் போகவில்லை, கறியெல்லாம் கெட்டுப்போகிறது.

வருகிறீர்களா இல்லையா என்பதையாவது எழுதுங்கள்.

விஜயகலா

டோஹா,
2025 மார்ச் 14, வெள்ளி

அன்பு கலாவுக்கு,

அடிப்பதாக இருந்தால் வந்த பிறகு அடி. நான்கு தரம் எழுதிக் கிழித்தேன். இது ஐந்தாவது, இதையும் கிழிப்பதற்குள் ஊருக்குப் போகிற ஒருவன் கையில் கொடுத்துவிடுகிறேன்.

நீ கமரா உடையவில்லை என்று எழுதுவதற்கு முன்பே எனக்குத் தெரியும். டிசம்பர் கடைசி ஞாயிறு, பிள்ளை போனில் பேசிக்கொண்டிருந்தவள், "அப்பா நாய்க்குட்டிய பாருங்க" என்று வீடியோவை அழுத்திவிட்டாள். நாய்க்குட்டிக்குப் பின்னால் அடுப்படியில் நீ நின்றாய். நீ என்னைப் பார்க்கவில்லை. "அம்மாட்டச் சொல்லிறாதீங்க அப்பா" என்றாள், நான் சொல்லவில்லை. கலா, நீ குண்டா ஒல்லியா என்று எனக்குக் கண்ணில் படவே இல்லை. நீ குனிந்து, சட்டியிலிருந்து கையால் அள்ளி அள்ளி, யாராவது வந்து பிடுங்கிவிடுவார்கள் என்கிற மாதிரி தின்றுகொண்டிருந்தாய். போனை வைத்துவிட்டு லோண்டரிக்குப் போனேன். அன்று ஒரு விரிப்பும் சரியாக மடியவில்லை.

உன் கடிதத்தில் இருபத்திரண்டாம் வருஷம் பலாக்காயை மூன்று பேரும் பங்கு போட்டோம் என்று எழுதியிருந்தாய். அதைப் படித்துத்தான் என்னால் பதில் எழுத முடியாமல் போனது. மூன்று பேர் பங்கு போடவில்லை. பிள்ளையும் நானும் சாப்பிட்டோம். நீ முதலிலேயே சாப்பிட்டேன் என்று சொல்லுவாய். நான் "சாப்டியா" என்று கேட்பேன், நீ "சாப்ட்டேங்க" என்பாய், நான் உன் பங்கையும் எடுத்துச் சாப்பிடுவேன்.

நீ சாப்பிடவில்லை என்று எனக்குத் தெரியும். அப்போதே தெரியும். உன் வளையல் முழங்கை வரைக்கும் ஏறியதை நான் பார்த்தேன். பார்த்துவிட்டும் தின்றேன், எனக்குப் பசித்தது. அந்த ஐந்து மாதத்தில் ஒரு நாள்கூட நான் தட்டை உன் பக்கம் தள்ளவில்லை. நான் நம்பவில்லை கலா, நம்பின மாதிரி இருந்தேன், அது எனக்கு வசதியாக இருந்தது.

வேனில் ஏறும்போது சொன்னதைக் கேட்டிருந்தாய். நினைவிருக்கிறது. உன் கன்னத்தில் கொஞ்சம் சதை வந்திருந்தது. அதைப் பார்த்ததும், லயத்து ஆட்கள் முன்னால் அழாமல் இருக்க வாயில் வந்ததைச் சொல்லிச் சிரித்தேன். நீ தேறி வந்ததைப் பார்த்து எனக்கு வந்த சந்தோஷத்தை நான் உன்மேல் ஒரு கல்லாக எறிந்துவிட்டுப் போயிருக்கிறேன். அதன் பிறகு வாரம் வாரம் சாப்பிட்டாயா என்று கேட்டதெல்லாம் வேறு கேள்வி இல்லாததால் இல்லை. நீ ஒரு நாள் கோபம் வந்தாவது "அந்த வருஷம் நான் சாப்பிடல" என்று என்னைத் திட்ட மாட்டாயா என்றுதான்.

இப்போது நோன்பு மாதம். ஸியாம் பகல் முழுக்கப் பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் என் பக்கத்தில் நின்று வேலை செய்கிறார். பசிக்கும்தானே என்றேன். "பசிக்கும் மச்சான். ஆனா பயமில்ல, பாங்கு சொன்னா கஞ்சி இருக்கும்னு தெரியுமே" என்றார். நமக்கு அந்த வருஷம் பாங்கு சொல்ல ஆளில்லை.

சுடிதாரை ஸியாமிடம் கொடுத்துவிட்டேன், அவர் தங்கச்சி யும்னாவுக்கு. உனக்கு ஒன்றும் வாங்கவில்லை. கோயிலுக்கு நீ எதைக் கட்டிக்கொண்டு வந்தாலும் நான் பக்கத்தில் நடப்பேன், நீ என்னைப் பக்கத்தில் விட்டால். ஏப்ரல் பன்னிரண்டு மத்தியானம் றக்வான பஸ்ஸில் வந்து இறங்குவேன். இதெல்லாம் தெரிந்த பிறகு வர வேண்டாம் என்று தோன்றினால் எழுது. நானும் புரிந்துகொள்வேன் என்று எழுத மாட்டேன், எனக்குப் புரியாது.

சுரேந்திரன்

மேல் டிவிஷன்,
2025 மார்ச் 30, ஞாயிறு

தருஷி அப்பாவுக்கு,

நாளைக்கோ மறுநாளோ பெருநாள், ஜஸீல் நானா கடை பூட்டிவிடுவார். அதனால் அவசரமாக எழுதுகிறேன்.

உங்கள் கடிதத்தை வாசல் இஸ்தோப்பில் நின்று வாசித்தேன், பிறகு உள்ளே போய் வாசித்தேன், பிறகு கொழுந்துக் கூடையில் போட்டு மலைக்குக் கொண்டுபோய் வாசித்தேன். மூன்று நாள் உங்கள்மேல் ஆத்திரம் தாங்கவில்லை. தெரிந்தும் தின்றீர்களே. எனக்குத் தெரியாமல் இருந்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும், நான் உங்களை நன்றாக ஏமாற்றியதாக இத்தனை நாள் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன். நாலாம் நாள் பத்தாம் நம்பர் மலையில் உட்கார்ந்து அழுதேன். அழுது முடித்ததும் பசித்தது. ரொட்டியைப் பிரித்துச் சாப்பிட்டேன், முழு ரொட்டி. அன்று அது போதும் என்று வயிறு சொன்னது.

நீங்கள் கேட்டதற்குப் பதில் எழுதிவிடுகிறேன். அந்த வருஷம் நான் சாப்பிடவில்லை. ஐந்து மாதம், பெரும்பாலும் ராத்திரிகளில் ஒன்றுமே இல்லை. நீங்கள் தட்டைத் தள்ளியிருந்தாலும் நான் வாங்கியிருக்க மாட்டேன். ஆனாலும் தள்ளியிருக்கலாம். இதைச் சொல்லிவிட்டேன், இனி இந்தப் பேச்சு நமக்குள் வேண்டாம். வேண்டும்போது நான் எடுப்பேன், நீங்கள் எடுக்காதீர்கள்.

வெள்ளிக்கிழமை கிளினிக்கில் மிட்வைஃப் மிஸ் என்னை நிறுத்துப் பார்த்தார். அறுபத்தொன்பது. அந்தத் தராசு எதையும் கழிப்பதில்லை. அவர்தான் சந்தோஷப்பட்டார், நான் சரி மிஸ் என்று இறங்கிவிட்டேன். குறையும் போலிருக்கிறது, மெதுவாக, தன்பாட்டில். ஏப்ரலுக்குள் ஒன்றும் ஆகாது.

பஸ் ஸ்டாண்டுக்கு நான் வர மாட்டேன். அன்று அரை நாள் வேலை இருக்கிறது, தருஷியை அனுப்புகிறேன், கூட ஜெயம்மா அக்கா வருவார். சோறும் பருப்பும், நெத்திலிக் கருவாடும், பலாக்காய்க் கறியும் ஆக்கி வைப்பேன். பலாக்காய் வேண்டுமென்றுதான் ஆக்குகிறேன்.

வழியில் மண் சரிந்து பஸ் நின்றால், நேரமானால், ஒன்றைத் தெரிந்துகொண்டு வாருங்கள். புருஷன் வரும் வரைக்கும் பார்த்துக்கொண்டு பட்டினி கிடக்கிறவள் இங்கே இல்லை. பசித்தால் தட்டைப் போட்டு உட்கார்ந்து நான் சாப்பிட்டுவிடுவேன். உங்கள் பங்கு சட்டியில் மூடி இருக்கும். வந்ததும் கேளுங்கள், சாப்பிட்டாயா என்று. இந்தத் தரம் என்ன பதில் சொன்னாலும் நம்பலாம்.

விஜயகலா